வீட்டோடு இருக்கும் இந்த நாட்களில் படம்: தனித்தனியாகவா, சேர்ந்தா?

ஈசூன்_மலர் | 22 ஏப்ரல் 2020, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நேற்று பிரதமர் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். கொரோனாவுக்காக நம் சிங்கப்பூரில் போட்டிருக்கும் ஊரடங்கு, அதாவது சர்க்கிட் பிரேக்கர், மே 4ஆம் தேதியோடு முடியும் என்றிருந்தது, இப்போது ஜூன் 1 வரை நீள்கிறது. திரையரங்குகள் மார்ச் 26 இரவிலிருந்தே மூடிக் கிடக்கின்றன. ஆக இன்னும் ஐந்தாறு வாரத்துக்குப் படம் என்றால் வீட்டில்தான்.

எங்களுடையது நாலறை வீடு. அத்தை, கணவர், உயர்நிலை இரண்டில் மகள், தொடக்கநிலை ஐந்தில் மகன், நான். முதல் வாரம் என்ன நடந்தது தெரியுமா? அத்தை வரவேற்பறையில் வசந்தம் தமிழ் ஒளிவழி பார்ப்பார். கணவர் வேலை முடிந்ததும் மடிக்கணினியில் ஏதோ தொடர். மகள் கைப்பேசியும் காதொலிக் கருவியுமாக அறைக்குள். மகன் ஐபேடில். ஒரே வீட்டில் நாலு கதை ஓடும். சாப்பிட உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது.

இதை யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் வெளியே போய் ஏதாவது ஒரு செய்தியோடு வருவோம். பள்ளியில் நடந்தது, எம்ஆர்டி ரயிலில் பார்த்தது, மார்க்கெட்டில் கேட்டது. இப்போது யாரும் எங்கும் போவதில்லை. வீட்டுக்குள் புதிதாக ஒரு பேச்சு நுழைய வழியே இல்லை. அந்த இடத்தைப் படம் நிரப்பலாம், ஆனால் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்திருந்தால் மட்டும்தான் முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஒரே படம், தொலைக்காட்சியில். தேர்ந்தெடுக்கும் உரிமை முறை வைத்து வரும். தேர்ந்தெடுத்தவரை யாரும் குறை சொல்லக் கூடாது. படம் பிடிக்காவிட்டாலும் இடைவேளை வரை உட்கார வேண்டும். இடைவேளை என்று திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு டீ, பஜ்ஜி. நம் படங்கள் இடைவேளையை நினைத்துத்தான் எழுதப்படுகின்றன. சரியாக ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிறுத்துவார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் "அடுத்து என்ன ஆகும்" என்று அத்தையும் மகனும் பேசிக்கொள்வதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. நிறுத்தாமல் ஓடவிட்டால் இது கிடைக்காது.

நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுபது வயதுக்காரரும் பதினொரு வயதுப் பிள்ளையும் சேர்ந்து பார்க்கும்படி என்ன போடுகிறீர்கள்?

தேக்கா_பெரியவர் | 23 ஏப்ரல் 2020, காலை 7.15

மலர், நல்ல ஏற்பாடு. அந்த இடைவேளையை விட்டுவிடாதே அம்மா.

நான் தனியாக இருப்பவன். மகன் குடும்பம் செங்காங்கில். இப்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர முடியாது, தொலைபேசி மட்டும்தான். மெக்கன்சி ரோட்டில் ரெக்ஸ் தியேட்டருக்குப் போய் வருவது எனக்குப் பல காலப் பழக்கம். படத்துக்காக மட்டும் போவதில்லை, தெரிந்த முகங்களைப் பார்க்கலாம். படம் முடிந்து சிராங்கூன் ரோடு வரை பேசிக்கொண்டே நடந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் வீடு. இப்போது அதுவும் இல்லை.

பேரப்பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். சென்னைப் படங்களோடு நிற்க வேண்டாம். நம் ஊரிலேயே படம் எடுத்தார்கள். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸ் 8ஆம் எண்ணில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனம் இருந்தது. 1947இலிருந்து 1967இல் மூடும்வரை அங்கே எடுக்கப்பட்ட மலாய்ப் படங்கள் நூற்றுக்கும் மேல். ஆரம்ப காலத்தில் அவற்றை இயக்கியவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். புகழ்பெற்ற மலாய் நடிகர் பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்தவர். அந்தப் படங்களில் வரும் பாட்டு, அழுகை, பிரிந்த குடும்பம் மறுபடி சேர்வது எல்லாவற்றிலும் நம் படத்தின் சாயல் இருக்கும். மலாய் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து சின்ன வயதில் அவற்றைப் பார்த்தேன். மொழி பாதிதான் புரியும், அழுகை முழுவதும் புரியும்.

தமிழிலேயே வேண்டுமென்றால், நம் சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' இருக்கிறது. தமிழ் பேசும் படம். 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். பிறகு கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்', 2016இல் அதே கானில் விமர்சகர் வாரம் என்ற பிரிவில் திரையிட்டார்கள். இரண்டும் கனமானவை. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் பெரியவர்கள் பார்க்க வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில், நம் தெருக்களில் நடமாடும் தமிழனைத் திரையில் எத்தனை முறை பார்த்திருப்போம்?

கிளமெண்டி_வாசகி | 23 ஏப்ரல் 2020, இரவு 11.58

அக்கா, உங்கள் மகள் சார்பில் நான் கொஞ்சம் பேசலாமா? எனக்கு இருபது வயது. மூவறை வீட்டில் ஐந்து பேர். தங்கையோடு ஓர் அறை. பல்கலைக்கழக வகுப்பு, அப்பாவின் அலுவலகக் கூட்டம், அம்மாவின் தொலைபேசி எல்லாம் ஒரே சுவருக்குள். நாள் முழுவதும் சேர்ந்துதான் இருக்கிறோம். இரவில் காதில் மாட்டிக்கொண்டு ஒரு படம் பார்க்கும் நேரம்தான் எனக்கென்று இருக்கும் அறை. அதையும் குடும்ப நேரமாக்கிவிட்டால் மூச்சு விட இடமிருக்காது.

தனியாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் யாரோடும் ஒட்டாதவர்கள் என்றில்லை. நானும் என் தோழிகளும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டில் படத்தை ஆரம்பித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே பார்க்கிறோம். அதுவும் சேர்ந்து பார்ப்பதுதான்.

ஈசூன்_மலர் | 24 ஏப்ரல் 2020, காலை 9.05

தங்கச்சி, நீ சொல்வது நியாயம். வாரம் முழுக்க அவளுடைய அறை அவளுடையது, நான் கதவைத் தட்டுவதில்லை. சனிக்கிழமை ஓர் இரவு மட்டும்தான் எல்லாரும். அந்த ஓர் இரவில் நான் உறுதியாக இருப்பது அத்தைக்காகத்தான். உனக்கு வாட்ஸ்அப்பில் தோழிகள் இருக்கிறார்கள். அத்தைக்குத் தினமும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசும் நாலு பேர் இருந்தார்கள். இப்போது அந்த இருக்கைகளில் ரிப்பன் கட்டிவிட்டார்கள். அவருக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை.

புதுக்கோட்டை_பையன் | 25 ஏப்ரல் 2020, மாலை 5.20

அக்கா, ஐயா, வணக்கம். நான் கட்டுமான வேலை செய்பவன், தங்கும் விடுதியில் இருக்கிறேன். நீங்கள் பேசுவதை எல்லாம் படித்தேன். எங்கள் பக்கமும் கொஞ்சம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு வேலை நின்றுவிட்டது. அறையை விட்டு வெளியே போகக் கூடாது. சாப்பாடு கதவுக்கே வருகிறது. ஓர் அறையில் பலர், இரண்டடுக்குக் கட்டில்கள். யாருக்காவது காய்ச்சல் என்று கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு இரவு யாருக்கும் தூக்கம் வராது. அப்போது படம்தான் துணை. வைஃபை பகலில் நகராது, அத்தனை பேரும் ஊருக்கு வீடியோ கால் பேசுவோம். அதனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படத்தை இறக்கி வைத்துக்கொள்வேன்.

அறையில் பங்களாதேஷ் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சண்டைப் படங்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி, யூடியூபில் இந்தியில் பேசவைத்துப் போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நடிகர் பெயர் தெரியும், படத்தின் பெயர் மட்டும் வேறாகச் சொல்வார்கள். ஒரே படத்தை நாங்கள் தமிழிலும் அவர்கள் இந்தியிலுமாகப் பார்த்தோம். வசனம் வேறு, அடி விழும் நேரம் ஒன்று. அந்த மூன்று மணி நேரமும் யாரும் காய்ச்சலைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த படம் என் மகள் சொல்லும் படம்தான். அவளுக்கு ஒன்பது வயது. ஊரிலும் ஊரடங்கு, பள்ளி இல்லை. மதியம் டிவியில் போடும் படத்தைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் எனக்கு போன் செய்து கதை சொல்வாள். இங்கே அப்போது இருட்டியிருக்கும், நம் கடிகாரம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சண்டைக் காட்சிக்கு வாயாலேயே சத்தம் போடுவாள். நான் பார்த்த படமாகவே இருந்தாலும் பார்க்காத மாதிரி கேட்டுக்கொள்வேன். மலர் அக்கா சொன்னது சரிதான். எங்களுக்குள் பேச அது ஒரு விஷயம். "அப்பா எப்போ வருவே" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் கதை சொல்லும்போது அந்தக் கேள்வி வருவதில்லை.

நெறியாளர் | 25 ஏப்ரல் 2020, மாலை 6.02

இரண்டு பதிவுகளிலிருந்து திருட்டுப் பட இணைப்புகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். தம்பி, உங்கள் பதிவுக்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பவாங்_தாதி | 26 ஏப்ரல் 2020, காலை 8.50

இரவுப் பணி முடிந்து வந்தேன், தூங்குமுன் ஒரு வேண்டுகோள். பல குழுக்களில் தொற்றுநோய்ப் படங்களைப் பார்க்கச் சொல்லி எழுதுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் உள்ள வீட்டில் அவற்றைப் போடாதீர்கள். மருத்துவமனையில் முகக்கவசமும் கவுனுமாக நின்றுவிட்டு வந்து, வரவேற்பறையிலும் அதே காட்சி ஓடினால் எங்கேதான் போவது?

வீட்டில் மாமியாருக்கு நீரிழிவு இருப்பதால் நான் தனி அறையில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். குடும்பம் படம் பார்க்கும்போது கணவர் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து வீடியோ காலில் என்னைச் சேர்த்துக்கொள்வார். திரை எனக்குச் சரியாகத் தெரியாது. நான் பார்ப்பது பிள்ளைகளின் முகத்தைத்தான். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அது போதும். பழைய நகைச்சுவைப் படங்கள்தான் கேட்கிறேன், யாரும் சாகாத படங்கள்.

பிடோக்_பாய் | 26 ஏப்ரல் 2020, மாலை 3.30

சகோதரி, உங்கள் பணிக்கு முதலில் நன்றி. உங்கள் வீட்டுக்கு அந்தப் படங்கள் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று பயன்பட்டது. பதினாறு வயது மகன் "எனக்கெல்லாம் வராது" என்று நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். 2011இல் வந்த 'கன்டேஜியன்' படத்தை அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். நோயுள்ள ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவும் என்ற கணக்கை ஒரு பெண் அதிகாரி வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டும் இடம் வரும். நான் பத்து முறை சொல்லியும் ஏறாதது அவனுக்கு அந்தக் காட்சியில் ஏறியது. மலையாளத்தில் 2019இல் வந்த 'வைரஸ்' படமும் பார்த்தோம். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நடந்ததை வைத்து எடுத்தது. நோயாளியைக் கவனித்துத் தானும் இறந்துபோன தாதி லினியின் கதையை அதற்குப் பிறகுதான் அவன் தேடிப் படித்தான். 2003இல் இங்கே சார்ஸ் வந்து 33 பேர் இறந்ததையும் அன்றைக்குத்தான் கேட்டான். அவன் அப்போது பிறக்கவே இல்லை.

நோன்பு தொடங்கிவிட்டது. பள்ளிவாசல் மூடியிருப்பதால் தராவீஹ் வீட்டிலேயே தொழுகிறோம். படத்தை இனி பெருநாளுக்குத்தான் வைத்திருக்கிறோம்.

செம்பவாங்_தாதி | 26 ஏப்ரல் 2020, இரவு 7.10

பாய், உங்கள் மகன் அடங்கினான் என்றால் எங்களுக்கு ஒரு படுக்கை மிச்சம். சரிதான். எங்கள் வார்டில் 2003இல் சார்ஸைப் பார்த்த மூத்த தாதி ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் தைரியமாக நிற்கிறோம். உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்.

பொங்கோல்_டீச்சர் | 28 ஏப்ரல் 2020, இரவு 9.00

தமிழாசிரியை பேசுகிறேன். ஏப்ரல் 8இலிருந்து முழுக்க வீட்டிலிருந்தே கற்றல். பிள்ளைகள் பகலெல்லாம் திரையில்தான் இருக்கிறார்கள். மே 5ஆம் தேதி விடுமுறை தொடங்குகிறது, ஜூன் விடுமுறையை முன்னால் இழுத்திருக்கிறார்கள். அதனால் பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள், இதற்கு மேல் படமும் வேண்டுமா என்று.

கண்ணுக்கு நல்லது தூரம். படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் கைப்பேசியைவிட நாலைந்து எட்டு வைக்கும் தூரத்தில் இருக்கும் தொலைக்காட்சி எவ்வளவோ மேல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது வினாடி பார்க்கச் சொல்லுங்கள். சன்னல் வழியாக எதிர் புளோக்கைப் பார்த்தால் போதும். மலரின் இடைவேளை இதற்கும் உதவும்.

மொழி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் அவர்களுக்கு வகுப்பறையில் மட்டும் கேட்கும் மொழியாகிவிட்டது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத் தமிழை வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான். படம் அதைத் தரும். கோபத்தில் எப்படிப் பேசுவது, கெஞ்சும்போது எப்படிப் பேசுவது, பெரியவரிடம் எப்படி மறுப்பது, இவை பயிற்சித்தாளில் வராது.

ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, சொல்ல வைக்க வேண்டும். புதுக்கோட்டைத் தம்பியின் மகள் செய்கிறாளே, அதுதான் நான் கேட்பது. மறுநாள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ போன் செய்து கதையைத் தமிழில் சொல்லட்டும். கேட்பவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும்: "அவன் ஏன் அப்படிச் செய்தான்? நீயாக இருந்தால்?" 2017இலிருந்து தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. தேர்வுக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் தேர்வுக்கும் உதவும்.

எழுத்துரை (சப்டைட்டில்) பற்றிப் பலர் கேட்பதால்: ஒரு படத்தை முதல் முறை பார்க்கும்போது ஆங்கில எழுத்துரை இருக்கட்டும். பிடித்த படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். கதை தெரிந்ததால் காது வேலை செய்யும்.

தேக்கா_பெரியவர் | 29 ஏப்ரல் 2020, காலை 6.40

டீச்சர், நேற்று இரவே பேரனுக்கு போன் செய்து கேட்டுவிட்டேன். கதை பாதி ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனால் முக்கால் மணி நேரம் பேசினான். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் "ஓகே தாத்தா" என்று வைத்துவிடுவான்.

இன்னொன்று. 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வரப்போகிறது என்றும், தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடன் வாங்கிப் படம் எடுத்தவர் எத்தனை மாதம் காத்திருப்பார், அது புரிகிறது. ஆனால் டிக்கெட் கிழிப்பவர், திரையை ஓட்டுபவர், வாசலில் கச்சான் கடலை விற்பவர், இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருமுறை வீட்டிலேயே முதல் நாள் பார்த்துப் பழகிவிட்டால் மக்கள் திரும்பி வருவார்களா?

கிளமெண்டி_வாசகி | 29 ஏப்ரல் 2020, மாலை 4.15

ஐயா, வருவோம். முதல் நாள் முதல் காட்சியில் போடும் சத்தத்தை வீட்டில் போட முடியாது, கீழ் வீட்டுக்காரர் வந்துவிடுவார். ஆனால் சின்னப் படங்களை யோசித்துப் பாருங்கள். பெரிய நடிகர் இல்லாத தமிழ்ப் படம் இங்கே வந்தால் இரண்டே நாளில் தூக்கிவிடுவார்கள், சிலது வரவே வராது. அந்தப் படங்கள் ஊரில் வெளியாகும் அன்றே எனக்கும் கிடைக்கும் என்றால் அது எனக்குப் பெரிய விஷயம்.

ஈசூன்_மலர் | 30 மே 2020, இரவு 11.20

நேற்று வெளியானதும் கணவரும் நானும் 'பொன்மகள் வந்தாள்' பார்த்துவிட்டோம். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கவனிக்க: ஊட்டியில் நடக்கும் நீதிமன்றக் கதை, சிறுமிகள் மீதான பாலியல் கொடுமைதான் மையம். அதனால் மகனை விட்டுவிட்டு, இன்று மகளோடு மட்டும் மறுபடி பார்த்தேன். முடிந்த பிறகு அவள் கேட்ட கேள்விகள் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியவை. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததையும் தோழி ஒருத்திக்கு இணையத்தில் வந்த தொல்லையையும் சொன்னாள். இத்தனை நாள் அடைபட்டிருந்தும் வராத பேச்சு அது. படம் எடுத்த விதத்தில் எனக்குக் குறைகள் உண்டு, வசனம் நிறைய. இருந்தாலும் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள், முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, பிறகு அவளோடு உட்காருங்கள்.

புதுக்கோட்டைத் தம்பி, எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுது.

புதுக்கோட்டை_பையன் | 31 மே 2020, காலை 10.05

நன்றாக இருக்கிறேன் அக்கா. பரிசோதனை எடுத்தார்கள், எனக்கு இல்லை என்று வந்தது. அறையில் இரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள், ஒருவர் குணமாகிவிட்டார். வேலை எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. மகள் இப்போது பாட்டையும் சேர்த்துப் பாடிக் காட்டுகிறாள், போன் நேரம் கூடிவிட்டது.

தேக்கா_பெரியவர் | 31 மே 2020, காலை 11.30

கேட்க நிம்மதியாக இருக்கிறது தம்பி.

2ஆம் தேதியிலிருந்து பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்க வரலாம், ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு பேர் மட்டும். மகனை முதலில் பேரனோடு வரச் சொல்லியிருக்கிறேன், மருமகளும் பேத்தியும் மறுநாள். பேரன் ஒரு படம் போட்டுக் காட்டுகிறானாம். எழுத்துரையின் எழுத்து எனக்குச் சின்னதாகத் தெரிகிறது, பெரிதாக்க முடியுமா?

கிளமெண்டி_வாசகி | 31 மே 2020, மதியம் 12.10

முடியும் ஐயா. நெட்பிளிக்ஸ் என்றால் கணினியில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய், உங்கள் பெயருக்குக் கீழே எழுத்துரைத் தோற்றம் என்ற இடத்தில் பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழலையும் போட்டுக்கொண்டால் வெள்ளைக் காட்சியிலும் தெரியும். வேறு தளம் என்றால் பெயரைச் சொல்லுங்கள், பார்த்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் பேரனிடம் விட்டுவிடுங்கள், வந்ததும் அவனே செய்துவிடுவான்.